இரண்டும் 40 பவுண்டு வில், அம்பு மட்டும் ஏன் வேறு? – கேள்வி பதில்

கேள்வி: நான் வலக்கைக்காரன். என் ரீகர்வ் வில்லில் (நுனிகள் முன்பக்கம் வளைந்த வில்) ஒழுங்காகப் போன கார்பன் அம்புகள், புதிதாக வாங்கிய லாங்போவில் (நீண்ட பழைய பாணி வில்) எய்தால் எல்லாம் இடப்பக்கமே போகின்றன. இரண்டு வில்லின் இழுவிசையும் 40 பவுண்டுதான். லாங்போவில் ஷெல்ஃப் (அம்பை வைக்கும் குடைவு) கிடையாது, கை மேலேயே அம்பை வைத்து எய்கிறேன். “பழகப் பழகச் சரியாகிவிடும்” என்கிறார் விற்றவர். சரியாகுமா?

பதில்: பழக்கத்தால் இது சரியாகாது. உங்கள் கையைச் சந்தேகப்படும் முன் அம்பைச் சந்தேகப்படுங்கள். அந்த வில்லுக்கு அது விறைப்பு அதிகம். பவுண்டு ஒன்றுதானே, அம்பும் ஒன்றே போதும் என்று நினைத்துத்தான் பாரம்பரிய வில் வாங்குகிறவர்கள் பலரும் காசை விடுகிறார்கள்.

நாணை விட்டதும் அம்பு விறைப்பாக நேரே போவதில்லை. பின்னாலிருந்து நாண் தள்ளுகிறது, முன்னால் முனையின் எடை தடுக்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட தண்டு வளைகிறது. அந்த வளைவோடுதான் வில்லின் பிடியைத் தொடாமல் சுற்றி வெளியேறுகிறது. அப்புறம் மறுபக்கம் வளைந்து, நெளிந்து நெளிந்து, போகப்போக அடங்கி நேராகிறது. 1930-களிலேயே கிளாரன்ஸ் ஹிக்மன் என்பவர் அதிவேகக் கேமராவில் இதைப் படம்பிடித்துக் காட்டிவிட்டார்.

இப்போது உங்கள் இரண்டு வில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரீகர்வில் பிடிக்கு மேலே கட்டையைக் குடைந்து ஷெல்ஃப் வைத்திருப்பார்கள். அம்பு ஏறக்குறைய நாணின் நேர்கோட்டிலேயே உட்கார்ந்திருக்கும், கொஞ்சம் வளைந்தாலே போதும். லாங்போவில் அந்தக் குடைவு இல்லை. பிடியின் பாதி அகலம் முழுவதையும் அம்பு சுற்றிப் போகவேண்டும், அதனால் நன்றாக வளையும் தண்டு தேவை. உங்கள் விறைப்பான கார்பன் வளைய மறுத்து, பிடியில் மோதி இடப்பக்கம் தள்ளப்படுகிறது. எய்யும்போது ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்கிறதா? கைக்குச் சற்று மேலே வில்லின் இடப்பக்கத்தில் மெல்லிய உரசல் கோடு தெரிகிறதா? இரண்டும் இருந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

அடுத்தது, என்ன வாங்குவது என்பது. தண்டின் விறைப்பைச் சொல்லும் எண்ணுக்கு ஸ்பைன் என்று பெயர். இதில் மரத்துக்கும் கார்பனுக்கும் அளவுமுறை வேறு. இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். மரத்தண்டை 26 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் வைத்து, நடுவில் 2 பவுண்டு எடையைத் தொங்கவிடுவார்கள். எத்தனை அங்குலம் தொய்கிறதோ அதால் 26-ஐ வகுத்தால் ‘பவுண்டு’ ஸ்பைன் வரும். எண் கூடினால் விறைப்பு கூடும். கார்பனில் இடைவெளி 28 அங்குலம், எடை 880 கிராம். தொய்வை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று அப்படியே எழுதிவிடுவார்கள். அதனால் எண் கூடினால் விறைப்பு குறையும். தோராயமாக 600 எண் கார்பன் 52 பவுண்டு மரத்துக்குச் சமம், 700 என்றால் 45, 900 என்றால் 35.

உங்களுடைய 40 பவுண்டு ரீகர்வுக்கு 600 பொருந்தியிருக்கும். கையில் வைத்து எய்யும் லாங்போவுக்கு வில்லின் பவுண்டைவிட 5 முதல் 10 வரை குறைத்துத் தொடங்குவது வழக்கம். ஆக 30-35, 35-40 இரண்டு பிரிவிலும் இரண்டிரண்டு மரத்தண்டு வாங்கி எய்து பாருங்கள். சோதனைக்கு உதிரியாகத் தரமாட்டேன், டஜனாகத்தான் தருவேன் என்று சொல்கிற கடையில் வாங்காதீர்கள்.

இருக்கிற கார்பனையே ஒப்பேற்ற முடியுமா என்றால், ஓரளவுக்கு முடியும். முனையைக் கனமாக்கினால் தண்டு கூடுதலாக வளையும், 100 கிரெய்னுக்குப் பதில் 150 கிரெய்ன் முனை போட்டுப் பாருங்கள் (கிரெய்ன் என்பது அம்பு எடையின் அளவு, சுமார் 15 கிரெய்ன் ஒரு கிராம்). தண்டை மட்டும் வெட்டிவிடாதீர்கள். வெட்டினால் இன்னும் விறைக்கும்.

கேள்வி: வில்லில் 45 என்று எழுதியிருக்கிறது. கடைக்காரர் அதை மட்டும் பார்த்துவிட்டு 45-50 ஸ்பைன் மர அம்பு எடுத்து வைத்துவிட்டார். வாங்கலாமா?

பதில்: நீங்கள் எவ்வளவு இழுக்கிறீர்கள் என்று கேட்டாரா? கேட்கவில்லை என்றால் இப்போதைக்கு வேண்டாம். வில்லில் எழுதியிருப்பது பொதுவாக 28 அங்குலம் இழுத்தால் வரும் பவுண்டு. ஓர் அங்குலம் குறைவாக இழுத்தால் ஏறக்குறைய 2 முதல் 3 பவுண்டு குறையும். நீங்கள் 26 அங்குலம்தான் இழுப்பவர் என்றால் உங்கள் விரலில் ஏறுவது கிட்டத்தட்ட 40. போதாததற்கு அம்பையும் உங்கள் இழுப்புக்கேற்ப 27 அங்குலத்தில் வெட்டித் தருவார்கள். 28-க்குக் கீழே ஒவ்வோர் அங்குலத்துக்கும் தண்டு 5 பவுண்டு விறைப்பானது போல நடந்துகொள்ளும். இரண்டும் சேர்ந்தால் அந்த 45-50 உங்களுக்கு இரும்புக்கம்பிதான்.

நாணையும் சொல்லவேண்டும். டாக்ரான் (சற்று நீளும் பாலியெஸ்டர் இழை) நாணை மாற்றிவிட்டு அதிகம் நீளாத நவீன இழை நாண் போட்டிருந்தால் அம்புக்குக் கிடைக்கும் உதை கூடும், கொஞ்சம் விறைப்பான தண்டு கேட்கும். (பழைய வில்லுக்கு அந்த நாண் போடுவதே ஆபத்து, நுனி பிளந்துவிடக்கூடும்.)

கேள்வி: மரமா, கார்பனா? எது நீடித்து உழைக்கும்?

பதில்: உழைப்பு மட்டும்தான் கணக்கு என்றால் கார்பன். அலுமினியம் சீரானது, ஆனால் வளைந்துபோனால் தொல்லை. போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் முதலில் விதியைப் பாருங்கள்: உலக வில்வித்தை அமைப்பின் லாங்போ பிரிவில் மரத்தண்டும் இயற்கை இறகும்தான் செல்லும்.

என் விருப்பம் மரம். ஆனால் மரத்தைக் கண்ணால் பார்த்து வாங்கவேண்டும். தண்டைக் கண்ணுக்கு நேரே பிடித்து உருட்டுங்கள், கோணல் உடனே தெரியும். மரத்தின் ரேகைகள் ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை ஓடுகின்றனவா, நடுவிலேயே பக்கவாட்டில் வெளியேறுகின்றனவா என்று கவனியுங்கள். வெளியேறும் இடத்தில்தான் தண்டு உடையும். உடைந்த சிம்பு வில் பிடித்த கையில் ஏறும். நாண் உட்காரும் பிளவு ரேகைகளுக்குக் குறுக்காக இருக்கவேண்டும், ரேகையோடு இருந்தால் தண்டு பிளந்துகொள்ளும். ‘டஜன் செட்’ என்று போட்டிருந்தால் ஸ்பைனும் எடையும் எவ்வளவு வித்தியாசத்துக்குள் இருக்கின்றன என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

கார்பனில் 0.001 நேர்த்தி (தண்டின் கோணல் அத்தனை அங்குலத்துக்குள்) என்று கூடுதல் விலை சொல்வார்கள். வெறும் விரலால் இழுத்து, ஷெல்ஃப் மேலேயோ கை மேலேயோ வைத்து எய்கிற நமக்கு 0.006 போதும். மிச்சமாகும் பணத்தில் நல்ல இறகு வாங்குங்கள். பிளாஸ்டிக் இறகு வேண்டாம். பறவை இறகு உரசினாலும் மடங்கிக்கொடுக்கும், பிளாஸ்டிக் அம்பைத் தட்டிவிடும்.

கேள்வி: குதிரைவீரர் பாணி வில், கட்டைவிரல் இழுப்பு. அம்பு எந்தப் பக்கம்? என்ன ஸ்பைன்?

பதில்: வலக்கைக்காரர் என்றால் அம்பு வில்லின் வலப்பக்கம், கட்டைவிரல் மேல். எய்யும் கணத்தில் வில்லைச் சற்றே திருப்பி விலக்கும் ‘கத்ரா’ உங்களுக்குக் கைவந்திருந்தால், கொஞ்சம் விறைப்பான அம்பும் ஓடும். வரவில்லை என்றால் லாங்போ போலவே மென்மையாகத் தொடங்குங்கள். இறகின் முன்முனையை நூல் சுற்றி, பசை தடவி வழவழப்பாக்கியிருக்கிறார்களா என்று விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள். அந்த முனைதான் கையைக் கிழிக்கும்.

ஸ்பைன் பொருந்துகிறதா என்று இறகில்லாத அம்பை வைத்துச் சோதிக்கும்போது பக்கங்கள் மாறும் என்பதை மறக்காதீர்கள். 10 மீட்டரிலிருந்து இறகுள்ள மூன்று, இறகில்லாத ஒன்று எய்யுங்கள். மூன்று விரல் இழுப்பில், வலக்கைக்காரருக்கு, இறகில்லாதது மற்றவற்றுக்கு இடப்பக்கம் குத்தினால் விறைப்பு அதிகம், வலப்பக்கம் என்றால் குறைவு. உங்கள் கட்டைவிரல் இழுப்பில் இது தலைகீழ்.

கேள்வி: லேசான அம்பு வேகமாகப் போகும் என்பதால் 250 கிரெய்ன் அம்பு வாங்கினேன். என் 45 பவுண்டு மரவில்லில் எய்யலாமா?

பதில்: எய்யாதீர்கள். பாரம்பரிய வில்லுக்குப் பவுண்டுக்கு 10 கிரெய்ன் நல்ல கணக்கு, அதாவது உங்களுக்கு 450, கிட்டத்தட்ட 29 கிராம். 8-க்குக் கீழே இறங்கவே வேண்டாம். அம்பு எடுத்துக்கொள்ளாத சக்தி வில்லுக்குள்ளேயே திரும்பி அதிரும், அம்பில்லாமல் வெறும் நாணை இழுத்து விட்டு வில்லை உடைப்பதற்குப் பக்கத்தில் வந்துவிடும். பில் இருந்தால் இன்றே மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய கார்பன் அம்புகள் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கலாமா?

பதில்: ஒவ்வொன்றாகச் சோதிக்க விட்டால் வாங்கலாம். இரு நுனியையும் பிடித்து, முகத்திலிருந்து தள்ளி வைத்து, மெல்ல வளையுங்கள். தண்டைச் சுற்றிச் சுற்றி நாலு பக்கமும் வளைக்கவேண்டும். நறநறவென்று லேசாகச் சத்தம் வந்தாலோ, விரலில் மயிரிழை போல விரிசல் தட்டுப்பட்டாலோ அது எய்ய லாயக்கில்லை. வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தால் இரண்டாக உடைத்துத்தான் குப்பையில் போடவேண்டும், இல்லாவிட்டால் வேறு யாராவது எடுத்து எய்துவிடுவார்கள்.