கண்ட்ரி இசையில் உங்களைக் கவர்ந்த பாடலாசிரியர் யார்? அவர் வாழ்க்கை எப்படிப்பட்டது?

சிண்டி வாக்கர். அமெரிக்கக் கிராமத்து மண்ணில் வளர்ந்த கண்ட்ரி இசைக்குப் பாட்டெழுதியவர். பெயர் தெரியாதவர்கள்கூட அவர் பாட்டைக் கேட்டிருக்கலாம். அப்பா வைத்திருந்த, கண்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸ் கேசட்டில் 'டிஸ்டன்ட் ட்ரம்ஸ்' நாடா தேயத் தேய ஓடியிருக்கிறது. அதை எழுதியது ஒரு பெண் என்று எனக்குத் தெரிந்ததே நாற்பது வயதுக்கு அப்புறம்தான். கேசட் உறையில் பாடியவர் படம்தானே இருக்கும்.

டெக்சாஸ்காரர். அப்பா பருத்தி வாங்கி விற்பவர். 1940-இல் அவர் வியாபார விஷயமாக லாஸ் ஏஞ்சல்ஸ் போனபோது சிண்டியும் அம்மாவும் கூடப் போனார்கள். போகும் வழியில் க்ராஸ்பி என்று பெயர் போட்ட கட்டடத்தைப் பார்த்ததும் காரை நிறுத்தச் சொன்னார் சிண்டி. உனக்கென்ன பைத்தியமா என்றாராம் அப்பா. உள்ளே, அப்போது பெரும்புகழ் பெற்றிருந்த பாடகர் பிங் க்ராஸ்பியின் அண்ணன் லாரி இருந்தார். அம்மா பியானோ வாசிக்க, தான் எழுதிய பாட்டை மகள் பாடிக் காட்ட, அந்தப் பாட்டைப் பிங் க்ராஸ்பியே பாடிப் பதிவு செய்தார். அப்போது சிண்டிக்கு இருபது சொச்சம் வயது.

பிறகு இசைக்குழுத் தலைவர் பாப் வில்ஸ் மட்டுமே இவருடைய பாடல்களில் ஐம்பதுக்கு மேல் பதிவு செய்தார். 1944-இல் சிண்டி தானே பாடியும் ஒரு ஹிட் கொடுத்தார். வேடிக்கை என்னவென்றால், அது வேறு யாரோ எழுதிய பாட்டு!

1954-இல் டெக்சாஸுக்கே திரும்பி, மெஹேயா என்ற சிற்றூரில் அம்மாவோடு குடியிருந்தார். விடியுமுன் எழுந்து, காபி போட்டுக்கொண்டு, டைப்ரைட்டர் முன் உட்கார்ந்துவிடுவார். யார் பாடப்போகிறார்கள் என்று பார்த்து, அந்தக் குரலுக்கு அளவெடுத்துத் தைப்பதுபோல் எழுதுவார். 'யூ டோன்ட் நோ மீ' பாட்டுக்குக் கருவைச் சொன்னவர் பாடகர் எடி ஆர்னால்ட். காதலைச் சொல்லத் தைரியம் இல்லாமல், கைகுலுக்கி விடைகொடுத்து அனுப்பிவிடுகிறவனின் பாட்டு. 1962-இல் பாடகர் ரே சார்ல்ஸ் பாடியபோது அமெரிக்கப் பாடல் தரவரிசைப் பட்டியலில் இரண்டாம் இடம்வரை போனது. என் கணக்கில் அதுதான் சிண்டியின் ஆகச் சிறந்த பாட்டு.

'டிஸ்டன்ட் ட்ரம்ஸ்' கதை வேறு. ஜிம் ரீவ்ஸ் அதை வெறும் டெமோவாக, அதாவது மாதிரிப் பதிவாகத்தான் பாடிவைத்திருந்தார். 1964-இல் விமான விபத்தில் இறந்துபோனார். அந்த டெமோவோடு வாத்தியங்களைச் சேர்த்து வெளியிட்டார்கள். 1966-இல் பிரிட்டனில் ஐந்து வாரம் முதலிடம்!

2006 மார்ச்சில் சிண்டி இறந்தார். அவர் பாடல்களை மட்டுமே வைத்து கண்ட்ரி பாடகர் வில்லி நெல்சன் பாடிய ஆல்பம் அதற்குச் சில நாள் முன்புதான் வந்திருந்தது.

எனக்கு மறக்காதது 1997. சாதனையாளர்களின் பெயரைச் சேர்த்துக் கௌரவிக்கும் கண்ட்ரி இசையின் 'ஹால் ஆஃப் ஃபேம்' மரியாதையை ஏற்க மேடையேறிய சிண்டி, நன்றியுரைக்குப் பதில் சில வரிகளைக் கவிதையாகவே வாசித்தார். எண்பதுகளில் அம்மா ஓர் உடை வாங்கிக் கொடுத்து, உன்னை அங்கே சேர்க்கும் நாளில் இதைத்தான் உடுத்த வேண்டும் என்றாராம். அதெல்லாம் நடக்காதம்மா என்றாராம் மகள். அம்மா 1991-இல் போய்விட்டார். அன்றைக்கு மேடையில் அவர் உடுத்தியிருந்தது அந்த உடைதான்.