வீட்டிலிருந்தே செய்யும் வேலை தேடுபவர் தொழில் வாய்ப்புகளை எப்படிச் சுருக்கிக்கொள்வது?

தொலைப்பணி என்பது அலுவலகம் போகாமல், இணையத்தின் வழியே செய்து ஒப்படைக்கும் வேலை. ஆகவே பதவிப் பெயர்களைத் தேடுவதற்கு முன், உங்களுக்குத் தெரிந்த வேலையில் எந்தப் பகுதி கோப்பாகக் கைமாறக்கூடியது என்று பாருங்கள். தையற்கடையில் அளவு கொடுக்க ஆள் நேரில் வரவேண்டும். காஜா எடுப்பதையும் பொத்தான் தைப்பதையும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிடுவார்கள். அதுபோலக் கணக்காளர் கிடங்குச் சரக்கை எண்ணுவதற்கு அங்கே போயாக வேண்டும். ஜிஎஸ்டி தாக்கலுக்கு அப்படியல்ல.

அடுத்த சல்லடை நேரம். நியூயார்க்கில் காலை 9 மணி என்பது, அங்கு கோடையானால் நமக்கு மாலை 6.30, குளிர்காலமானால் 7.30 ஆகையால், விடியலில் எழுந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புபவர்கள் அந்நாட்டு வாடிக்கையாளர் சேவையை விட்டுவிட்டு, முடித்து அனுப்பினால் போதும் என்றிருக்கும் வேலைகளையே தேடவேண்டும் என்பேன்.

தொலைப்பணிக்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும் எனப் பலர் நினைக்கிறார்கள். மேலே சொன்ன எந்த வேலைக்கும் அது தேவையில்லை.