ரோம் கோப்பின் ஹெடரை மாற்றும்போது: கேள்வி பதில்

பழைய கேம் கார்ட்ரிட்ஜ்களின் சிப்பிலிருந்து நகலெடுத்த ரோம் கோப்புகளை வடிவம் மாற்றுவது குறித்துப் பலர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பைட்டுகளை 0 முதல் எண்ணுகிறேன். எதைச் செய்தாலும் நகல் ஒன்றில் செய்யுங்கள். மூலக் கோப்பைத் தொடாதீர்கள்.

கேள்வி: கார்ட்ரிட்ஜில் ஹெடர் (கோப்பின் தொடக்கத்தில் உள்ள விவரப் பகுதி) என்று ஒன்றுமே இல்லையே? கோப்பில் மட்டும் எதற்கு?

நெஸ் (நின்டெண்டோவின் பழைய கேம் கருவி) கார்ட்ரிட்ஜில் எந்தச் சிப் எதனோடு இணைந்திருக்கிறது என்பதைப் பலகையே தீர்மானித்துவிடுகிறது. கோப்பாக எடுக்கும்போது சிப்பின் உள்ளடக்கம் வருகிறது, பலகை வருவதில்லை. அந்தக் குறையை நிரப்பத்தான் ஐநெஸ் என்ற கோப்பு வடிவின் ஹெடரில் உள்ள 16 பைட்டுகள். முதல் நான்கு அடையாளக்குறி. 4ஆவது பைட் நிரல் ரோமின் அளவை 16 கிலோபைட் கணக்கிலும், 5ஆவது பட ரோமின் அளவை 8 கிலோபைட் கணக்கிலும் சொல்கின்றன. 6, 7 ஆகியவற்றில் மேப்பர் எண் (பலகை எந்த வகை என்பதைச் சொல்வது), பேட்டரி உண்டா என்பது போன்ற விவரங்கள். அதாவது, ஹெடர் கேமைப் பற்றி யாரோ எழுதிவைத்த குறிப்பு. குறிப்பு தவறாகவும் இருக்கலாம்.

கேள்வி: ஐநெஸ் கோப்பை அதன் புதிய வடிவமான நெஸ் 2.0 ஆக்கினேன். 7ஆவது பைட்டில் அடையாள பிட்டை மட்டும் மாற்றினேன். கேம் ஓடுகிறது, ஆனால் சேமித்தது நிற்கவில்லை. ஏன்?

இந்தத் தவற்றை அடிக்கடி பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கிறது. பல மணி நேர ஆட்டம் இப்படித்தான் போகிறது. பழைய ஐநெஸில் ரேமின் அளவு எழுதப்படாவிட்டால் 8 கிலோபைட் இருப்பதாக எமுலேட்டரே (கேமைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்) வைத்துக்கொள்ளும். நெஸ் 2.0 அப்படி ஊகிக்காது. அதில் 10ஆவது பைட் சுழியமாக இருந்தால் ‘ரேமே கிடையாது’ என்று பொருள். நீங்கள் பிட்டை மாற்றியதும், எழுதாமல் விட்ட இடங்கள் எல்லாம் எழுதிய செய்திகளாகிவிட்டன.

10ஆவது பைட்டின் கீழ்ப்பாதி (கீழ் நான்கு பிட்) சாதாரண ரேமையும், மேற்பாதி (மேல் நான்கு பிட்) பேட்டரி காக்கும் ரேமையும் குறிக்கும். அங்கே எழுதும் எண் நேரடி அளவல்ல. 64ஐ அத்தனை முறை இரட்டிக்க வேண்டும். 64ஐ ஏழு முறை இரட்டித்தால் 8192. எனவே 8 கிலோபைட் பேட்டரி ரேமுக்கு மேற்பாதியில் 7 எழுதுங்கள். உங்கள் கேமில் பட ரோம் இல்லாமல் பட ரேம் இருந்தால் 11ஆவது பைட்டையும் நிரப்ப வேண்டும்.

துணை மேப்பர் (ஒரே மேப்பரின் உள்வகை), கேம் 50 ஹெர்ட்ஸ் தொலைக்காட்சிக்கா 60 ஹெர்ட்ஸுக்கா ஆகிய விவரங்கள் பழைய கோப்பில் நம்பும்படி இருக்காது. அவற்றை எந்தக் கருவியாலும் கணக்கிட்டுக் கண்டுபிடிக்க இயலாது. ஹெடர் நீக்கிய பகுதியின் ஹாஷைக் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) கொண்டு தரவுத்தளத்தில் தேடுங்கள். இல்லையேல் பலகையைத் திறந்து பாருங்கள்.

கேள்வி: மேப்பர் 4 என்று இருக்க வேண்டிய கேம் 68 என்று காட்டுகிறது.

7 முதல் 15 வரையுள்ள பைட்டுகளை எழுத்தாகப் பாருங்கள். ‘டிஸ்க்டூட்!’ என்ற ஆங்கிலச் சொல் தெரிந்தால், அது பழைய மென்பொருள் ஒன்று விட்டுச்சென்ற தடம். அதன் முதலெழுத்து 7ஆவது பைட்டில் விழுவதால் மேப்பர் எண்ணோடு 64 கூடிவிடுகிறது. அந்த ஒன்பது பைட்டுகளையும் சுழியமாக்கினால் 4 திரும்பிவிடும். ஆனால் உண்மையான மேப்பர் 16 அல்லது அதற்கு மேற்பட்டதாக இருந்திருந்தால் அதன் மேற்பாதி அழிந்தே போயிருக்கும். அதைத் தேடித்தான் எழுத வேண்டும்.

கேள்வி: சூப்பர் நின்டெண்டோ கேமுக்கு ஐபிஎஸ் வடிவப் பேட்ச் (ரோமில் மாற்றங்களைச் செய்யும் சிறு கோப்பு) போட்டதும் திரை குழம்புகிறது.

கோப்பின் அளவை 1024ஆல் வகுங்கள். மீதி 512 என்றால் நகலெடுக்கும் கருவி ஒட்டிய ஹெடர் முன்னால் இருக்கிறது. கேமுக்கு அது தேவையில்லை, ஆனால் பேட்ச் எந்த வகைக் கோப்புக்காகச் செய்யப்பட்டதோ அந்த வகையில்தான் பொருந்தும்; இல்லாவிட்டால் ஒவ்வொரு மாற்றமும் 512 பைட் தள்ளி விழும். ஐபிஎஸ் மூலக் கோப்பைச் சரிபார்ப்பதில்லை. பிபிஎஸ் வடிவில் பேட்ச் கிடைத்தால் அதையே எடுங்கள், தவறான கோப்பை அது ஏற்க மறுக்கும்.

கேள்வி: சேகாவின் மெகா டிரைவ் கருவிக்கான எஸ்எம்டி கோப்பிலிருந்து முதல் 512 பைட்டை வெட்டி, .bin என்று நீட்டிப்பு வைத்தேன். ஓடவில்லை.

வெட்டியது சரி, பாதி வேலை மீதி. எஸ்எம்டியில் தரவும் பிரித்து அடுக்கப்பட்டிருக்கிறது. 16384 பைட் கொண்ட ஒவ்வொரு தொகுதியிலும் முதல் பாதி ஒற்றைப்படை இடங்களுக்கும், இரண்டாம் பாதி இரட்டைப்படை இடங்களுக்கும் உரியவை. ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோத்தால் 256ஆவது பைட்டுக்கு அருகே ‘சேகா’ என்ற பெயர் ஆங்கில எழுத்துகளில் தெளிவாகத் தெரியும். எழுத்துகள் இரண்டிரண்டாக இடம் மாறித் தெரிந்தால், பாதிகளை மாற்றிக் கோத்துவிட்டீர்கள்.

கேள்வி: நின்டெண்டோ 64 கோப்பின் நீட்டிப்பை வி64இலிருந்து இசட்64 என மாற்றினால் போதுமா?

போதாது. அங்கே வேறுபடுவது பைட் வரிசை. முதல் நான்கு பைட்டுகளைப் பதினாறடிமானத்தில் (ஹெக்ஸ்) பாருங்கள். 80 37 12 40 என்றால் இசட்64. 37 80 40 12 என்றால் வி64. கோப்பு முழுவதும் இரண்டிரண்டு பைட்டுகளை இடம் மாற்றுங்கள். 40 12 37 80 என்றால் என்64. நான்கு நான்காகத் திருப்ப வேண்டும். நீட்டிப்பு எதைச் சொன்னாலும் இந்த நான்கு பைட்டுகளையே நம்புங்கள்.

கேள்வி: மாற்றியபின் உள்ளடக்கம் கெடவில்லை என்பதை எப்படி உறுதிசெய்வது?

நெஸ், சூப்பர் நின்டெண்டோ இரண்டிலும் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஹெடரை நீக்கிய பகுதிக்கு மட்டும் ஹாஷ் எடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். எஸ்எம்டி, வி64 போன்றவற்றில் வரிசையே மாறுவதால் இந்த ஒப்பீடு உதவாது; மாற்றிய கோப்பை மறுபடி பழைய வடிவுக்குத் திருப்பி, முதல் கோப்போடு ஒப்பிடுங்கள்.