அமெரிக்காவில் ஒரு பிரதேசம் மாநிலமாவதற்கு முன் அங்கே சட்டம் ஒழுங்கு எப்படி இருந்தது? கௌபாய் படங்களில் வருவதுபோல் துப்பாக்கிதான் சட்டமா?

ஓக்லஹோமாவை வைத்துச் சொல்கிறேன். துல்சா நகரில் ஆறு ஆண்டுகள் குடியிருந்ததால் எனக்குக் கொஞ்சமாவது தெரிந்த இடம் அதுதான். 1907 நவம்பர் 16 அன்று 46-ஆவது மாநிலமான அந்த மண்ணில், அதற்கு முன்பும் சட்டத்துக்குப் பஞ்சமே இல்லை. ஒரே ஊரில் இரண்டு மூன்று சட்டங்கள் புழங்கின. யார் யாரைப் பிடிக்கலாம் என்பதில்தான் அத்தனை வம்பும்.

இன்றைய மாநிலத்தின் கிழக்குப் பாதிக்கு அப்போது இந்தியப் பிரதேசம் என்று பெயர். செரோக்கி, சாக்டா, சிக்கசா, கிரீக், செமினோல் என்ற ஐந்து பூர்வகுடிகளைப் பெரும்பாலும் 1830-களில் தென்கிழக்கிலிருந்து வேரோடு பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே விட்டார்கள். ஐந்துக்கும் தனித்தனி அரசு, தனி நீதிமன்றம், 'லைட்ஹார்ஸ்' எனப்பட்ட குதிரைக் காவலர்கள் எல்லாம் உண்டு. சாக்டா நீதிமன்றத்தில் மரண தண்டனை பெற்றவனை, குறித்த நாளில் வந்துவிடு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடும் வழக்கம் இருந்தது. சைலன் லூயிஸ் என்பவர் 1894 நவம்பரில் அப்படித் தாமே திரும்பி வந்து நின்று சுடப்பட்டு இறந்தார். (இதைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.)

இந்த நீதிமன்றங்களுக்குத் தங்கள் குடிமக்கள்மேல் மட்டும்தான் அதிகாரம். டெக்சாஸில் ஒருவனைக் கொன்றுவிட்டு ரெட் ஆற்றைக் கடந்து வந்த வெள்ளைக்காரனை அவை விசாரிக்க முடியாது. துரத்திவந்த டெக்சாஸ் ஷெரிஃபின் அதிகாரமோ ஆற்றங்கரையோடு முடிந்துவிடும். ஓடுகாலிகளுக்கு வேறென்ன வேண்டும்? பூர்வகுடிகளைவிட வெளியாட்களே அதிகம் என்ற நிலை 1890-லேயே வந்துவிட்டது.

அவர்களைப் பிடிக்கும் பொறுப்பு அர்கன்சாஸ் எல்லையில், ஃபோர்ட் ஸ்மித் ஊரில் இருந்த மத்திய நீதிமன்றத்துக்கு. 1875-இல் அங்கே வந்த நீதிபதி ஐசக் பார்க்கர், தொடக்கத்தில் ஏறக்குறைய 74,000 சதுர மைலுக்கு ஒற்றை ஆளாக நீதி வழங்கினார். 21 ஆண்டுகளில் 160 பேருக்கு மரண தண்டனை விதித்தார். 79 பேர் தூக்கில் தொங்கினார்கள். 'தூக்கு நீதிபதி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் அவர் முன் வந்த 13,000-க்கும் மேற்பட்ட வழக்குகளில் பெரும்பாலானவை சாராயம் விற்றது, குதிரை திருடியது, காட்டு மரம் வெட்டியது போன்றவைதாம். படத்தில் அதையெல்லாம் யார் காட்டுவார்கள்?

துல்சாவிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் அந்த நீதிமன்றத்தைப் போய்ப் பார்க்கலாம். மேலே நீதிபதியின் கூடம் பளபளவென்று இருக்கிறது. நான் அதிக நேரம் நின்றது கீழே, நிலவறைச் சிறையில். கல் தரை, தாழ்ந்த கூரை, இரண்டே அறைகள். கொலைகாரனும் சாராயக்காரனும் சாட்சி சொல்ல வந்து மாட்டிக்கொண்டவனும் ஒன்றாகக் கிடந்திருக்கிறார்கள். நாற்றம் புகைபோக்கி வழியாகப் போகட்டும் என்று மூத்திரத் தொட்டியைக் கணப்படுப்புக்குள் வைத்தார்களாம். அதற்கு நேர் மேலேதான் நீதிமன்றம்.

குற்றவாளிகளைத் தேடிப் போனவர்கள், மத்திய நீதிமன்றத்தின் காவல் அதிகாரியான மார்ஷலுக்குக் கீழே வேலை பார்த்த துணை மார்ஷல்கள். அவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. பயணப்படிதான்: போகும்போது மைலுக்கு 6 சென்ட், கைதியோடு திரும்பும்போது 10 சென்ட், கைது செய்ததற்கு 2 டாலர். 200 மைல் தள்ளி இருப்பவனைப் பிடித்துவந்தால் 34 டாலர் தேறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் மார்ஷல் தம் பங்கை எடுத்துக்கொள்வார். பிடிக்கப்போன இடத்தில் கைதி செத்துவிட்டால் படி கிடையாது. சொந்தக்காரர் யாரும் வராவிட்டால் புதைக்கும் செலவும் துணை மார்ஷலின் தலையில். ஆகவே சுடுவது நட்டக் கணக்கு. படங்களில் வரும் துப்பாக்கிச் சண்டைகளை இந்தக் கணக்கு தெரிந்த பிறகு என்னால் முன்போல் ரசிக்க முடிவதில்லை. கூண்டு வண்டி, சமையல்காரர், காவலுக்கு ஓர் ஆள் என்று கிளம்பினால், ஒரே சுற்றில் பத்துப் பன்னிரண்டு பேரைச் சங்கிலியில் கோத்துக்கொண்டு வந்தால்தான் கட்டுப்படியாகும். பார்க்கர் காலத்தில் 60-க்கும் மேற்பட்ட துணை மார்ஷல்கள் இந்த வேலையில் உயிரைவிட்டார்கள்.

இவர்களில் பாஸ் ரீவ்ஸைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1838-இல் அர்கன்சாஸில் அடிமையாகப் பிறந்தவர். உள்நாட்டுப் போரின்போது இந்தியப் பிரதேசத்துக்குத் தப்பி ஓடி, அந்த மக்களோடு வாழ்ந்து அவர்கள் மொழிகளைக் கற்றார். எழுதப் படிக்கத் தெரியாது. வாரண்டுகளை வேறொருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, எது யாருடையது என்று மனத்தில் ஏற்றிக்கொண்டு கிளம்புவார். ஒருமுறை நாடோடி வேடத்தில், பிய்ந்த செருப்போடு 28 மைல் நடந்து, தேடப்பட்ட இரண்டு சகோதரர்களின் வீட்டுக்கே போய்ச் சாப்பிட்டுப் படுத்தாராம். அவர்கள் தூங்கும்போதே விலங்கு மாட்டிவிட்டார். காலையில் தாய்க்காரி மூன்று மைல் தூரம் வசைபாடிக்கொண்டே பின்னால் வந்தாள் என்பது கதை. கதையில் கொஞ்சம் உப்பும் காரமும் சேர்ந்திருக்கலாம். 1902-இல் நடந்ததற்கு ஆவணம் இருக்கிறது: மனைவியைக் கொன்ற சொந்த மகனுக்கான வாரண்டை மற்றவர்கள் தொடத் தயங்கியபோது, அதைக் கேட்டு வாங்கிப் போய் மகனைக் கைது செய்து கொண்டுவந்தார்.

மேற்குப் பாதியின் கதை வேறு. 1889 ஏப்ரல் 22 நண்பகலில் துப்பாக்கி வெடித்ததும் அரசு குடியேற்றத்துக்குத் திறந்துவிட்ட நிலத்தைப் பிடிக்க ஏறக்குறைய 50,000 பேர் ஓடினார்கள். காலையில் வெறும் புல்வெளியாக இருந்த குத்ரி, இரவில் பத்தாயிரம் பேர் கொண்ட கூடார நகரம். காவலுக்கு விட்ட துணை மார்ஷல்களிலேயே சிலர் முன்கூட்டி நுழைந்து நல்ல மனைகளை வளைத்துப் போட்டிருந்தார்கள். 'ஓக்லஹோமா பிரதேசம்' என்ற பெயரில் முறையான அரசு அமைய அடுத்த ஆண்டு மே ஆயிற்று.

1907-இல் இரண்டு பாதியும் ஒரே மாநிலமாயின. குத்ரியில் ஓக்லஹோமா பிரதேசம் மாப்பிள்ளை, இந்தியப் பிரதேசம் மணப்பெண் என்று வேடமிட்டுக் கல்யாண நாடகமே நடத்தினார்கள். மணப்பெண் 1905-லேயே 'செக்கோயா' என்ற தனி மாநிலத்துக்கு அரசியல் சட்டம் எழுதி வைத்துத் தனிக்குடித்தனம் கேட்டிருந்தாள். வாஷிங்டனில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புதிய சட்டமன்றத்தின் முதல் மசோதா எது தெரியுமா? ரயில் பெட்டியிலும் காத்திருப்பு அறையிலும் கறுப்பர்களைத் தனியே பிரித்து வைப்பது. 32 ஆண்டுகள் சட்டத்தைச் சுமந்த ரீவ்ஸின் மத்திய அரசு வேலை மாநிலம் வந்ததோடு போயிற்று. எழுபதை நெருங்கிய வயதில் மஸ்கோகி நகரப் போலீஸில் பீட் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து, 1910 ஜனவரியில் இறந்தார்.

யார் யாரைப் பிடிக்கலாம் என்ற வம்பு இன்றும் ஓயவில்லை. கிரீக் மக்களின் ஒதுக்கீட்டு நிலம் சட்டப்படி ஒருபோதும் கலைக்கப்படவில்லை என்று 2020 ஜூலையில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று தீர்ப்பளித்தது. துல்சாவின் பெரும்பகுதி அதற்குள்தான் வருகிறது. குற்றம் செய்தவர், குற்றத்துக்கு ஆளானவர் இருவரும் பூர்வகுடியா இல்லையா என்பதைப் பொறுத்து வழக்கு வெவ்வேறு நீதிமன்றத்துக்குப் போகும். மறு ஆண்டு என் கார்க் கண்ணாடியை யாரோ உடைத்துப் பையைத் திருடிவிட்டார்கள். வந்த போலீஸ்காரர் படிவத்தை எடுத்துக்கொண்டு, "நீங்கள் இந்தியரா?" என்றார். "ஆமாம்" என்றேன். "எந்த இனம்?" என்றார். பதற்றத்தில் "தமிழ்" என்று சொல்லிவிட்டேன். அதை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னபோதுதான் எங்கள் இருவருக்கும் உறைத்தது.