மூன்று முறை சிலிக்கான் பூசியும் அறைக்குள் ஒழுகும் பழைய பாய்மரப் படகு

ஜன்னல் ஓரத்தில் நான்காவது முறையாகச் சிலிக்கான் பூச வேண்டாம்; தண்ணீர் பெரும்பாலும் அந்த வழியாக வரவில்லை. புதுச்சேரி தேங்காய்த்திட்டில் கட்டியிருக்கும் உங்கள் 30 ஆண்டுப் பழைய ஃபைபர் படகில், மழை நின்று ஒரு மணி நேரம் கழித்தும் சொட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தாமதமே, தண்ணீர் வேறோர் இடத்தில் புகுந்து, மேல்தளத்தின் இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே ஊர்ந்து வருவதைக் காட்டுகிறது.

பாய்மரத்தை இருபுறமும் இழுத்துப் பிடிக்கும் கம்பி வடங்கள் மாட்டப்பட்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடுகளைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். காற்றில் வடம் இழுபடும்போதெல்லாம் தகடு மயிரிழை அளவு அசைவதால், அது தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்தில் பூச்சு விட்டுப்போகும்.

மழையில்லாத நாளில் ஒருவரை டார்ச்சுடன் உள்ளே உட்காரவைத்து, ரப்பர் குழாயால் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். தாழ்வான இடத்தில் தொடங்கி, ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடமாவது நின்று மேலே செல்லுங்கள். மேலிருந்து தொடங்கினால் எல்லாம் நனைந்து எதுவும் புலப்படாது.

ஒழுகல் அந்தத் தகடுகளின் ஓரத்தில்தான் என்றால், பசை தடவுவதோடு நிற்காமல் தகட்டையே கழற்றிப் பாருங்கள். வெளியே பளபளக்கும் தகடு, உப்புநீர் தேங்கி ஆக்ஸிஜன் எட்டாத தளத்தின் கனத்துக்குள் பழுப்பேறி, குழிகுழியாக அரித்திருக்கலாம். மெல்லிய விரிசல் தெரிந்தாலும் மாற்றும்வரை தயவுசெய்து பாய் ஏற்றாதீர்கள். அந்தத் தகடு விட்டால் பாய்மரமே சாய்ந்துவிடும்.

திரும்பப் பொருத்தும்போது பழைய சிலிக்கானை முழுதும் சுரண்டி எடுங்கள், அதன்மேல் புதிதாகப் பூசும் பாலியூரித்தேன் பசை ஒட்டாது. சுற்றுப்புறத் தளத்தை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டும்போது மந்தமான ஓசை வந்தால் ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே உள்ள மரம் ஊறியிருக்கக்கூடும். அப்படியானால் ஐப்பசி மழைக்கு முன்பே அதை வெட்டியெடுத்து, உலர்த்தி, எபாக்சி பிசினால் நிரப்ப வேண்டியிருக்கும்.