முன்மொழிவு திரும்பி வந்த தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

முனைவர் பட்டத்திற்காக மதுரையிலிருந்து கோலாலம்பூர் வந்திருக்கும் நீங்கள், 'மலேசியத் தோட்டத் தமிழர் வாழ்வியல் – ஓர் ஆய்வு' என்ற முன்மொழிவை 'மிகவும் அகலம், வினா எங்கே?' என்று குறித்து நெறியாளர் திருப்பிவிட்டதாகவும், இனி எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். இங்கேயே பட்டம் முடித்து இங்கேயே குடும்பமாகிவிட்டவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: தலைப்பைச் செதுக்குவதை விட்டுவிட்டுச் சான்றிலிருந்து தொடங்குங்கள்.

தோட்டத் துண்டாடலையே எடுத்துக்கொள்வோம். பெரிய ரப்பர் தோட்டங்கள் 1950களில் சிறு துண்டுகளாக விற்கப்பட்டபோது தொழிலாளர் பலர் வேலையையும் குடியிருந்த வீட்டையும் ஒருசேர இழந்தனர்; அவர்களுடைய சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்குவதற்காகத் அன்றைய மலாயா இந்தியக் காங்கிரஸ் தலைவர் துன் சம்பந்தனின் முயற்சியால் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. இது பலரும் எழுதிய வரலாறு. ஆனால் 'தமிழ் நேசன் நாளிதழ் அச்சங்கத்தைத் தொழிலாளர்களிடம் எவ்வாறு எடுத்துரைத்தது, அவர்களுடைய ஐயங்களுக்கு எவ்வளவு இடம் கொடுத்தது?' என்று கேட்டால் அது வினா. ஏனெனில் இதழ்களைப் புரட்டும்வரை விடை உங்களுக்கும் தெரியாது. முன்பே விடை தெரிந்த ஒன்றை வினாவாக எழுதினால், முன்மொழிவை மதிப்பிடும் குழு உடனே கண்டுபிடித்துவிடும்.

1924இல் தொடங்கிய அந்த நாளிதழ் 2019இல் நின்றுவிட்டது. ஆகவே, உங்களுக்கு வேண்டிய ஆண்டுகளின் இதழ்கள் எங்கே இருக்கின்றன, எந்த மாதங்கள் விடுபட்டிருக்கின்றன என்பதைத் தேசிய ஆவணக் காப்பகத்திலும் மலாயாப் பல்கலைக்கழக நூலகத்திலும் நேரில் விசாரித்த பிறகே முறையியல் பகுதியை எழுதுங்கள். முதியவர்களிடம் நேர்காணல் எடுப்பதாயின் ஆய்வு அறநெறிக் குழுவின் ஒப்புதலுக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். 1960இல் இருபது வயதில் சங்கத்தில் சேர்ந்தவர் இன்று எண்பதைக் கடந்திருப்பார், ஆவணங்களைப் போல அவர் காத்திருக்க மாட்டார்.

முன்னாய்வுகள் பகுதியில், 'இன்னார் இந்த ஆண்டில் இதை ஆராய்ந்துள்ளார்' என்று பத்திக்கு ஒருவராக அடுக்கும் நம் ஊர்ப் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. தொழிற்சங்கத்தின் வழியே எழுதியவர்கள், அரசியல் தலைவர்களின் வழியே எழுதியவர்கள், தமிழ் இதழ்களைத் தொடாமல் ஆங்கிலக் கோப்புகளை மட்டும் நம்பியவர்கள் என்று நிலைப்பாட்டின்படி பிரித்தால், உங்கள் ஆய்வுக்குரிய இடைவெளி தானாகவே தெரியும். 'இதுவரை எவரும் ஆராயவில்லை' என்பது மட்டும் காரணமாகாது. ஆராயத் தேவையில்லாதவை உலகில் ஏராளம்.

குழுவின் முன் முன்மொழிவை விளக்கி விடை சொல்லும் தற்காப்பில் கால எல்லையைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். 1960இல் தொடங்குவதற்குச் சங்கத்தின் பிறப்பே காரணம். 1968இல் முடிப்பதாயின், அவ்வாண்டு வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாத தொழிலாளர்களை வேலை அனுமதி பெற வைத்து, தோட்டத்தில் நீடிக்க முடியுமா என்ற கேள்வியையே மாற்றிவிட்டது என்று சொல்லலாம். அந்த விடையை வாய்மொழிக்கென்று ஒதுக்கி வைக்காமல் ஆய்வு எல்லை என்ற பகுதியிலேயே எழுதிவிட்டு, அடுத்த வரைவை நெறியாளரிடம் கொடுங்கள்.