102-க்குப் பின்னால் 5 ஏன் நிற்கிறது?

கேள்வி: கல்லூரி புராஜெக்டுக்காக மாநகரப் பேருந்துத் தட எண்களை ஒரு ஃபைலில் டைப் செய்து பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியில் வரிசைப்படுத்தினேன். 102, 12, 21, 5, 570 என்று வருகிறது. 5 அல்லவா முதலில் வர வேண்டும்?
– மாணவர், பெரம்பூர்

பதில்: டெக்ஸ்ட் ஃபைலிலிருந்து படித்தால் எல்லாமே பைத்தானுக்கு ஸ்ட்ரிங்தான், அதாவது வெறும் எழுத்துகளின் தொடர். நம் கண்ணுக்குத்தான் அது எண். ஸ்ட்ரிங் என்றால் அகராதியில் சொற்களை அடுக்குகிற மாதிரி இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடும்: 102, 5 இரண்டிலும் முதல் எழுத்தை எடுக்கும், கம்ப்யூட்டர் ஒவ்வொரு எழுத்துக்கும் வைத்திருக்கும் எண்ணில் '1'-இன் குறியீடு 49, '5'-இன் குறியீடு 53, சிறியது முன்னால் போய்விட்டது, கதை முடிந்தது. பின்னால் இன்னும் இரண்டு இலக்கம் இருப்பதை எட்டிக்கூடப் பார்க்காது. 102-ம் 12-ம் மோதும்போது முதல் எழுத்து ஒன்றே என்பதால் இரண்டாவதுக்குப் போகும், அங்கே 0 ஜெயிக்கும்.

சார்ட் (sort, வரிசைப்படுத்துவது) செய்யும்போது கீ (key) என்ற இடத்தில், முழு எண்ணாக மாற்றும் இன்ட் (int) என்று கொடுங்கள், போதும். ஒப்பிடும் நேரத்துக்கு மட்டும் எண்ணாக மாற்றிப் பார்க்கும், லிஸ்ட்டில் இருப்பது ஸ்ட்ரிங்காகவே இருக்கும். அதுதான் நல்லது, தட எண்களை யாரும் கூட்டிக் கழிக்கப் போவதில்லையே!

ஆனால் உங்கள் பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகிற 29சி லிஸ்ட்டில் வந்ததும் அதை எண்ணாக மாற்ற முடியாமல் வேல்யூ எரர் அடித்து நின்றுவிடும். அதற்குச் சின்னதாக ஒரு ஃபங்ஷன் எழுதி, முன்னால் உள்ள இலக்கங்களைத் தனியே பிரித்து எண்ணாக்கி, மிச்ச எழுத்தை அப்படியே வைத்து, இரண்டையும் ஒரு டியூப்பிளாக (tuple, மதிப்புகளை வரிசையாகச் சேர்த்த தொகுப்பு) திருப்பி அனுப்புங்கள். 21, 21ஜி, 29சி ஒழுங்காக நிற்கும். எம் என்று எழுத்து முன்னால் வரும் தடங்களை எங்கே வைப்பது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

005, 012 என்று சைபர் போட்டு நிரப்பச் சிலர் சொல்வார்கள். வேலை செய்யும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சார்ட்டுக்காக டேட்டாவையே கெடுப்பது எனக்குப் பிடிக்காது, 005 என்று எந்த பஸ் ஸ்டாப்பில் யார் தேடுவார்கள்? பின்கோடுக்கு இந்தத் தலைவலியே கிடையாது, எல்லாமே ஆறு இலக்கம் என்பதால் ஸ்ட்ரிங்காக அடுக்கினாலும் சரியாக வரும். அப்புறம் ஒரு விஷயம், பைத்தானின் இன்ட் ௧௨ என்று தமிழ் எண்ணில் கொடுத்தாலும் 12 என்று எடுத்துக்கொள்ளும், 1,25,000 என்று கமாவோடு கொடுத்தால்தான் முறுக்கிக்கொள்ளும்.

கேள்வி: ஜாவாஸ்கிரிப்டில் எண்ணாகவே வைத்திருக்கிறேன், ஆனாலும் 1, 10, 2 என்றுதான் வருகிறது. பக்-ஆ?
– வாசகி, வேளச்சேரி

பதில்: பக் இல்லை, அந்த மொழியின் விதியே அதுதான். எப்படி ஒப்பிடுவது என்று நீங்கள் சொல்லாவிட்டால் அதன் சார்ட் எண்களையும் ஸ்ட்ரிங்காக்கித்தான் அடுக்கும். ஒப்பிடும் இரண்டு மதிப்புகளை ஏ, பி என்று வாங்கி, ஏ மைனஸ் பி என்று திருப்பித் தரும் ஃபங்ஷனைக் கொடுத்தால் தீர்ந்தது. ஸ்ட்ரிங்குகளுக்கும் இதையே பயன்படுத்தினால் மட்டும் கவனம் தேவை: காலி ஸ்ட்ரிங் 0 ஆகிவிடும், 1,250 மாதிரி கமா இருந்தால் NaN (‘எண் அல்ல’ என்ற மதிப்பு) ஆகி, எர்ரரே காட்டாமல் வரிசை குழம்பிப்போகும்.